பன்னீர்த் திராட்சைக் காடி: வைகாசி முதல் ஆவணி வரை

9 ஜூன் 2024, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டுக்குப் போய், கம்பம் பக்கத்திலிருந்து இரவோடு இரவாக வந்திறங்கிய பன்னீர்த் திராட்சையில் எட்டுக் கிலோ வாங்கி வந்தேன். வழக்கமாக வாங்கும் கடைக்காரர், "டீச்சர், ஜூஸ் போடவா? அப்பன்னா இந்தப் பெட்டிய எடுத்துக்கங்க, கொஞ்சம் செங்காய் கலந்திருக்கு, விலை கொறைச்சுத் தர்றேன்" என்றார். காடி, அதாவது வினிகர், போடுவதற்கு என்று சொன்னதும் அந்தப் பெட்டியைத் தாமாகவே ஒதுக்கிவிட்டு, காம்பு பழுப்பேறத் தொடங்கிய கொத்துகளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். காம்பு பழுத்தால்தான் பழத்தில் இனிப்பு முழுதாக இறங்கியிருக்கும் என்பது அவர் கணக்கு.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர்ப் புட்டியைத் திருப்பிப் பார்த்தால், அது அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்த செயற்கை வினிகர் என்று எழுதியிருக்கும். அதில் புளிப்பு உண்டு. மணமும் இல்லை, பழத்தின் நினைவும் இல்லை. இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் வேதியியல் நடத்துகிற நான், சர்க்கரை ஆல்கஹாலாகி, ஆல்கஹால் அமிலமாவதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன். அதை என் கையாலேயே தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்க்க வேண்டும் என்று சென்ற ஆண்டுதான் தோன்றியது.

சென்ற ஆண்டு செய்த தவறையும் இங்கே எழுதி வைக்கிறேன். பழச்சாறு நீர்த்திருக்கிறதே என்று அதில் கால் கிலோ கால் கிலோவாகச் சர்க்கரையைக் கொட்டினேன். நொதித்து முடிந்தபோது ஆல்கஹால் 12 சதவீதத்தைத் தொட்டுவிட்டதால், அதைக் காடியாக்க வேண்டிய பாக்டீரியா தலையெடுக்கவே முடியாமல் ஒரு மாதம் முடங்கிக் கிடந்தது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஊற்றி நீர்க்கச் செய்த பிறகுதான் வேலை நகர்ந்தது. மது வடிப்பவர்கள் 20 பிரிக்ஸுக்கு மேல், அதாவது நூறு கிராம் சாற்றில் இருபது கிராமுக்கு மேல், சர்க்கரை உள்ள பழத்தைத் தேடுகிறார்கள். சாப்பிடுவதற்காக விளைவிக்கப்படும் நம் பன்னீர்த் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க், 15 பிரிக்ஸ் வாக்கில் நின்றுவிடுகிறது. மதுவுக்குக் குறையாகப்படும் இதே அளவுதான் காடிக்கு அளந்து வைத்ததுபோல் பொருந்துகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழத்துக்கு மேலே சர்க்கரை எதற்கு?

காம்பைக் களைந்து, பலமுறை அலசி, கையால்தான் பிசைந்தேன். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசப்பு இறங்கிவிடும். சாற்றை உயரமான கண்ணாடிக் குழலில் ஊற்றி, அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன். அதன் தண்டில் நுரைக்குமிழி ஒட்டியிருந்தால் அது உயர்ந்து நின்று பொய்க் கணக்குக் காட்டும் என்பதால், விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றி, அது நின்றதும் கண்ணைத் திரவ மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தேன்: ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்த அடர்த்தி) 1.058. கருவி 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. சாறோ 32 டிகிரியில் இருந்தது. வெப்பத்துக்காக 0.003 கூட்டினால் 1.061. முழுதும் நொதித்தால் எட்டுச் சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும்.

ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்ட் மூன்று கிராமை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, அது நுரைத்து எழுந்ததும் தோலும் சாறுமாக எல்லாவற்றையும் வாளியில் சேர்த்தேன். மூடியில் துளையிட்டு, மருந்துக் கடையில் வாங்கிய குளுக்கோஸ் ஏற்றும் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் புட்டியில் அமிழ்த்தியிருக்கிறேன். உள்ளிருந்து கரியமில வாயு வெளியேறலாம்; வெளியிலிருந்து காற்று உள்ளே போக வழியில்லை.

11 ஜூன், செவ்வாய்

தண்ணீர்ப் புட்டியில் விநாடிக்கொரு குமிழி. தோலெல்லாம் மேலே திரண்டு கட்டியாக நிற்கிறது. காலையிலும் மாலையிலும் கொதிநீரில் கழுவிய மத்தால் அதை அமுக்கிவிடுகிறேன். அப்படியே விட்டால் மேல்தோல் காய்ந்து பூஞ்சை பிடித்துவிடும். மத்து இறங்கும்போது ஒரு பெருமூச்சுப்போல் வாயு வெளியேற, சமையலறை முழுவதும் பன்னீர் மணம் பரவுகிறது. அந்தப் பழத்துக்கு ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்பது அந்த நேரத்தில்தான் முழுதாக விளங்குகிறது.

16 ஜூன், ஞாயிறு

நேற்று குமிழி ஏறக்குறைய நின்றுவிட்டது. இன்றைய ஒப்படர்த்தி 0.998. சர்க்கரை தீர்ந்தது. பழைய வேட்டித் துணியில் ஊற்றி, நானும் கணவருமாக ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். அடிமண்டியை விட்டுத் தெளிவாகக் கிடைத்தது நாலு லிட்டர். அதனுடன் சென்ற ஆண்டுக் காடியில் ஒரு லிட்டரைச் சேர்த்திருக்கிறேன். அந்தக் காடியில் உயிருள்ள பாக்டீரியா இருப்பது ஒரு காரணம். தொடக்கத்திலேயே ஒரு சதவீத அளவுக்காவது அமிலம் இருந்தால் வேண்டாத கிருமிகள் அண்டாது என்பது இன்னொரு காரணம்.

இன்றிலிருந்து எல்லாமே தலைகீழ். ஈஸ்ட் வேலை செய்த ஏழு நாளும் காற்றை விரட்டினேன். ஆல்கஹாலைக் காடியாக்கும் பாக்டீரியாவான அசிட்டோபாக்டருக்கோ காற்றில்லாமல் வாழ்வே இல்லை. அதனால் பத்து லிட்டர் பிடிக்கும் அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடியில் பாதியளவே ஊற்றி, மேற்பரப்பு விரிந்து கிடக்கும்படி வைத்தேன். கடுமையான புளிப்பு வராமல் போனதாகச் சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் இந்த இரண்டு கட்டங்களையும் பிரிக்காமல் ஒரே மூடிக்குள் நடத்திப் பார்த்திருப்பார்கள்.

அத்தை தன் பழைய பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். "எங்கம்மா சீதனமாக் குடுத்தது, ஊறுகாய்க்கு இதவிட நல்ல ஜாடி கெடையாது." பழைய மெருகுப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதாலும், மாதக்கணக்கில் அமிலம் நின்றால் அது இறங்கும் என்பதாலும் கல்லுப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பக்குவமாகச் சொன்னேன். முகம் சற்று வாடியது. ஆனாலும் நான் ஜாடியின் வாயில் நான்கு மடிப்பு மெல்லிய துணியைக் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "காடிக் கஞ்சின்னாலும் மூடிக் குடிம்பாங்க, நல்லா இறுக்கிக் கட்டும்மா" என்றார். சரியான எச்சரிக்கைதான். பழ ஈ ஒன்று நுழைந்தாலும் முட்டையிட்டுவிடும்.

29 ஜூன், சனி

எட்டு நாளில் மேற்பரப்பில் ஒரு மங்கல் தெரிந்து, இன்று அது முழு ஏடாகப் படர்ந்துவிட்டது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன்: சுருக்கமில்லாமல், ஈரப் பட்டுபோல் வழவழவென்று, ஜாடியின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலேறி ஒட்டியிருக்கிறது. வெள்ளையாக, வறண்டு, மடிப்பு மடிப்பாக இருந்திருந்தால் அது வேறு ஈஸ்ட் படலம். இது பாக்டீரியா நெய்த செல்லுலோஸ், காடித்தாய் என்கிறேன்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. துணியருகில் முகர்ந்தபோது நகப்பூச்சின் நெடி அடித்தது. ஆல்கஹாலும் அமிலமும் இணைந்து எத்தில் அசிட்டேட் உருவாகியிருக்கிறது. மாடியறையின் வெப்பமானி 36 டிகிரி காட்டியது. அசிட்டோபாக்டர் 25 முதல் 30 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் தளரும். மதுரை ஆனி வெயிலில் காங்கிரீட் கூரைக்குக் கீழே ஜாடியை வைத்தது என் பிழை.

30 ஜூன், ஞாயிறு

ஜாடியைக் கீழ்வீட்டு வடக்கு அறைக்கு இறக்கினோம். மூன்றாம் படியில் ஒரு குலுக்கல். ஏடு ஒரு பக்கமாகச் சரிந்து, திரைச்சீலை அவிழ்வதுபோல் மெல்ல மடிந்து அடிக்குப் போய்விட்டது. பதினைந்து நாள் வேலை கண்முன்னே மூழ்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றது தாங்க முடியாத வேதனையாக இருந்தது. மூழ்கிய ஏட்டுக்குக் காற்றில்லை. அது வேலை செய்யாது, கிடந்தால் அழுகும். கழுவிய கரண்டியால் எடுத்துவிட்டேன். திரவத்தில் பாக்டீரியா இருப்பதால் புதிய ஏடு படரும்.

மானாமதுரை மண்தொட்டி ஒன்றில் நாலு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஜாடியை வைத்து, ஈரத்துணியைச் சுற்றி நுனியைத் தண்ணீரில் தொங்கவிட்டேன். சன்னல் வழியே மேற்குக் காற்று வரும்போது ஈரம் உலர்ந்து, ஜாடி 29 டிகிரிக்குக் குளிர்ந்து நிற்கிறது.

7 ஜூலை, ஞாயிறு

புதிய ஏடு படர்ந்துவிட்டது. நகப்பூச்சு நெடி பாதி குறைந்திருக்கிறது.

இன்று முதல் முறையாகத் தரம் பார்த்தேன், அதாவது எவ்வளவு காரம் விட்டால் அமிலம் சமனாகிறது என்று பார்த்து அமிலத்தின் அளவைக் கணக்கிட்டேன். கண்ணாடிக் குழாயை ஏட்டின் ஓரமாக நுழைத்து இரண்டு மில்லி எடுத்து, வாலைவடிநீரில் நன்றாக நீர்க்கச் செய்து, காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டேன். பியூரெட் என்னும் அளவுக் குழாயில் 0.1 நார்மல் செறிவுள்ள காரம், சோடியம் ஹைட்ராக்சைடு. இங்கே ஒரு சிக்கல் உண்டு: திராட்சைத் தோலின் சிவப்பே ஒரு நிறங்காட்டி. காரம் ஏற ஏற அது வெளிறி, சாம்பல் கலந்து, பச்சையை நோக்கிப் போகிறது. அந்தப் பச்சைக்கு மேல் பினால்ப்தலீனின் இளஞ்சிவப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளைத் தாளின் மேல் குடுவையை வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூன்று முறை செய்து சராசரி எடுத்தேன். 7.7 மில்லி. இரண்டு மில்லி மாதிரிக்கான கணக்குப்படி அதை 0.3ஆல் பெருக்கினால் 2.3 சதவீத அமிலம். உணவுத் தர விதிப்படி நொதித்த வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் இருக்க வேண்டும்.

21 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது, காற்று அம்மியை நகர்த்தாவிட்டாலும் என் ஈரத்துணியை ஒரு மணி நேரத்தில் உலர்த்திவிடுகிறது. பள்ளிக்குப் போகும் நாளில் அத்தைதான் தண்ணீர் ஊற்றுகிறார். அமிலம் 3.7. நெடி அறவே போய்விட்டது.

மிச்சம் வைத்திருந்த அரை லிட்டர் நொதித்த சாற்றை இன்று சேர்த்தேன். மேலிருந்து ஊற்றினால் ஏடு மூழ்கும் என்பதால், நீண்ட கண்ணாடிக் குழலை ஓரமாக அடிவரை இறக்கி, புனல் வைத்துத் துளித்துளியாக விட்டேன். பிரான்சின் ஆர்லியான்ஸ் நகரக் காடிக்காரர்கள் பீப்பாயில் செய்த முறை இது. 1860களில் லூயி பாஸ்டர் ஆராய்ந்து, காடியை ஆக்குவது உயிருள்ள ஒன்று என்று காட்டியது அந்த ஏட்டைக் கொண்டுதான். ஊற்றி முடித்தபோது ஏடு படகுபோல் ஒரு நூலளவு உயர்ந்தது. கிழியவில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

காரம் 18.7 மில்லி. அமிலம் 5.6 சதவீதம்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

18.9 மில்லி, ஒரு வாரத்தில் அசைவே இல்லை என்று சொல்லலாம். ஆல்கஹால் தீரும் தறுவாயில் இருக்கிறது. இன்னும் புளிக்கட்டும் என்று ஆசைப்பட்டு விட்டுவைத்தால், உணவில்லாத பாக்டீரியா தான் செய்த அமிலத்தையே கரியமில வாயுவும் தண்ணீருமாகச் சிதைத்துவிடும். நிறுத்த வேண்டிய நாள் இன்றுதான்.

ஏட்டுடன் ஒரு லிட்டரை அடுத்த ஈட்டுக்காக ஜாடியிலேயே விட்டுவிட்டு, மீதியைக் குழாயால் இறக்கித் துணியில் வடிகட்டினேன். புட்டிகளை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, உள்ளே 65 டிகிரி வரும்வரை சூடாக்கி, காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை நிரப்பி மூடினேன். அலுமினியம், பித்தளை எதுவும் படவில்லை. ஆறு புட்டி. வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளைச்சாற்றின் நிறம்.

ஒரு கிண்ணம் சின்ன வெங்காயத்தை உரித்து, உப்பும் கீறிய பச்சைமிளகாயும் சேர்த்துக் காடியில் ஊறப்போட்டேன். இரவுச் சாப்பாட்டில் அத்தை ஒன்றை எடுத்துக் கடித்து, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புளிப்பு தொண்டையப் பிடிக்கல, பழ வாசம் வருது" என்றார். பிறகு எழுந்துபோய், அந்தப் பழைய பீங்கான் ஜாடியில் கல்லுப்பைக் கொட்டி அலமாரியில் வைத்தார்.