தீக்குச்சிக்குப் பின் வரும் அமைதி

வானொலி நாடகங்களுக்கு ஒலி சேர்க்கும் வேலையில் சேர்ந்த புதிதில் அமைதி என்றாலே எனக்குப் பயம். நடிகர் மூச்சு வாங்கும் இடைவெளியில்கூடக் காற்று, நாய்க் குரைப்பு, கொஞ்சம் வயலின் என்று எதையாவது நிரப்பிவிடுவேன். ஒரு துப்பறியும் நாடகத்தில் கொலைகாரன் கதவைத் திறப்பதற்கு முன்பே திகில் இசையை ஏற்றிவிட்டேன். மர்மம் அங்கேயே உடைந்துபோயிற்று. மூத்த தயாரிப்பாளர் திட்டவில்லை. "தம்பி, இதைப் பொறுமையாகக் கேளுங்கள்" என்று ஓர் ஒலிநாடாவைக் கொடுத்தார்.

பிபிசியின் நகைச்சுவை வானொலித் தொடரான 'கூன் ஷோ' அது. ஸ்பைக் மில்லிகன் எழுதி, 1954 அக்டோபர் 12 அன்று ஒலிபரப்பான பகுதி. கதை நடப்பது 1941இல், போர்க்கால இருட்டடிப்பில் கிடக்கும் பெக்ஸ்ஹில் என்ற இங்கிலாந்துக் கடற்கரை ஊரில். இரவில் நடந்துபோகும் மின்னி கிழவியின் மேல் யாரோ 'பேட்டர் புட்டிங்'கை வீசி அடிக்கிறார்கள். மாவும் முட்டையும் பாலும் கரைத்து அடுப்பில் சுடும் பண்டம். வீசியவன் யார்? நெட்டி சீகூன் துப்புத் துலக்கப் புறப்படுகிறான்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது ஒரே ஓர் இடம். இருட்டில் தீக்குச்சி கிழிக்கலாமா என்று வாக்குவாதம். கடலில் ஜெர்மன் கப்பல்கள் நிற்கின்றன, பார்த்துவிடுவார்கள். இத்தனை சின்ன வெளிச்சம் அவ்வளவு தூரம் தெரியுமா என்ன? 'சரக்' என்று குச்சி உரசுகிறது. பிறகு சத்தமே இல்லை. அந்த நிசப்தம் நீள்கிறது. அதன் பின் குண்டு சீறி வந்து வெடிக்கிறது. நாடாவைப் பின்னோக்கிச் சுழற்றிச் சுழற்றி அந்த இடைவெளியையே கேட்டேன். பீரங்கி மெல்லத் திரும்புவதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு யாரும் ஒலி கொடுக்கவில்லை.

சரியான 'சொத்' ஓசைக்காக மில்லிகன் காலுறையில் கஸ்டர்டை ஊற்றி அடித்துப் பார்த்ததாக ஒரு கதை உண்டு. இதைக் கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது.

கதையின் கடைசியில் சீகூன் படகில் பட்டினி. கையில் இருப்பது ஒரே புட்டிங்; அதுதான் வழக்குக்கு ஒரே சாட்சியம். தின்று பிழைப்பதா, நீதிக்காகச் சாவதா? முடிவை நேயர்களிடமே விட்டுவிடுகிறார்கள். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே இருக்கும் ஒருவரும் அந்தப் பண்டத்தைக் கேலியாகப் பார்ப்பதில்லை. அதனால்தான் நமக்குச் சிரிப்பு பீறிடுகிறது.

அடுத்த நாடகத்தில் திருடன் ஓட்டு வீட்டுக்குள் இறங்கும் காட்சி வந்தது. நாட்டு ஓடுகள் இரண்டைக் கொண்டுவந்து, மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஒருமுறை உரசிப் பதிந்தேன். ஒலிக்கலவையின்போது அந்த ஓசைக்குப் பின் நான்கு விநாடி வெறுமையாக விட்டேன். இசைக்கான பொத்தானில் விரல் இருந்தது, ஏற்றவில்லை. பக்கத்தில் இருந்த தயாரிப்பாளர் பிரதியிலிருந்து கண்ணை எடுத்து, அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.