"ஒன்பதுங்கண்ணா": செய்முறைத் தேர்வில் போர்க் அளவுகோல்

பிசியோதெரபி மூன்றாமாண்டு உள்தேர்வில் எனக்கு விழுந்தது டிரெட்மில் சோதனை, புரூஸ் முறை; அதாவது வேகமும் சாய்வும் கட்டம் கட்டமாக ஏறும். நடக்க வந்தவன் ஓமலூர்ப் பக்கத்து ஜூனியர், கபடி ஆடுகிறவன். மூன்றாம் கட்டம் முடியப் போகிறது, சாய்வு 14 சதவீதம், நாடி 160-ஐத் தாண்டிவிட்டது. "எவ்வளவு கஷ்டமா இருக்கு தம்பி?" என்று போர்க் அளவுகோல் அட்டையை நீட்டினேன்; உடம்பு படும் கஷ்டத்தை எண்ணால் சொல்வதற்கான அட்டை அது. சட்டை தொப்பலாக நனைந்திருக்க, "ஒன்பதுங்கண்ணா" என்றான். அந்த அட்டையில் ஒன்பது என்றால் ‘மிக எளிது’.

தேர்வாளர் அவனை எதுவும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்: "ஏத்தறதுக்கு முன்னாடி என்னப்பா சொன்னே?" நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. மதிப்பெண் அங்கேதான் போனது.

சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடிகிறது. ஆரோக்கியமான இளவயதினருக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்பு ஏறக்குறைய வரும். இதை எல்லோரும் படித்துவிடுகிறோம். சொல்லிக்கொடுப்பதைத்தான் விட்டுவிடுகிறோம். ‘கஷ்டம்’ என்றாலே தோல்வி என்று நினைக்கிற பையனிடம், "இதுல பாஸ், ஃபெயில் கிடையாது; உன் உடம்புக்கு இப்ப எப்படி இருக்கோ அதைச் சொன்னாப் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 6, இதற்குமேல் ஒரு அடிகூட முடியாது என்பது 20. கால்வலியை மட்டுமோ மூச்சிரைப்பை மட்டுமோ பார்க்காமல் மொத்த உடம்பையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கடைசி அரை நிமிடத்துக்குள் கேளுங்கள். "பதிமூணு இருக்குமா?" என்று நீங்களே எடுத்துக்கொடுத்தால் அது உங்கள் எண். வாயில் மூச்சை அளக்கும் குழாய் இருந்தால் விரலால் தொட்டுக் காட்டட்டும்.

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை. ஒரு ஞாயிறு, நண்பனும் நானும் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதித்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள்; வளைவுக்கு வளைவு அவரவர் எண்ணைச் சொல்லவேண்டும். 13-இல் பேச்சு துண்டுதுண்டாக வந்தாலும் மிதிக்க முடிந்தது. 17-இல் எண்ணைச் சொல்வதே பாரமாக இருந்தது. ஒரே வளைவில் அவனுக்கு 12, எனக்கு 15. இரண்டும் சரி. முடிந்தால் நீங்களும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். அதற்குப் பிறகு யாருக்கும் அட்டையை விளக்கத் தயங்கமாட்டீர்கள்.

ஆண்டுத் தேர்வில் எனக்கு வந்தவர் ஐம்பது வயது தாண்டியவர், பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர். சைக்கிள் எர்கோமீட்டரில் (நின்ற இடத்திலேயே மிதிக்கும் சோதனை சைக்கிள்) நாடி 108-லேயே நின்றது. அவர் விரல் ‘கஷ்டம்’ என்ற 15-ஐத் தொட்டது. சுமையைக் குறைத்து நிறுத்தினேன்.

"நாடி ஏறவே இல்லையே, ஏன் நிறுத்தினே?"

"மாத்திரை நாடியை ஏறவிடாதுங்க சார். அவர் சொன்ன எண்ணைத்தான் எடுத்துக்கிட்டேன்."

அடுத்த கேள்விக்குப் போனார்.