தாக்குதல் தரவுத்தளங்களை ஒப்பிடும் முன்

பயங்கரவாதத் தாக்குதல்களைப் பதிவு செய்யும் இரண்டு தரவுத்தளங்களின் மொத்த எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிடாதீர்கள். முதலில் இரண்டின் விதிக் குறிப்பேட்டையும் படியுங்கள். ஐட்டரேட் (ITERATE) என்ற தரவுத்தளம் நாட்டு எல்லை தாண்டிய தாக்குதல்களை மட்டுமே சேர்க்கும். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளமான ஜிடிடி (GTD) உள்நாட்டுத் தாக்குதல்களையும் சேர்க்கும்.

2001 செப்டம்பர் 11 அமெரிக்கத் தாக்குதல் ஜிடிடியில் ஒரு வரி (ஒரு பதிவு) அல்ல, நான்கு வரி. இடமோ நேரமோ தொடர்ச்சி அறுந்தால் தனி நிகழ்வு என்பது அதன் விதி. இறந்தோர் எண்ணிக்கையில் தாக்கியவர்களும் அடக்கம். அவர்களைக் கழிக்கத் தனிப் பத்தி (நெடுவரிசை) இருக்கிறது. ஆனால் அது காலியாக இருந்தால் பூஜ்யம் என்று பொருள் இல்லை, தகவல் இல்லை என்றுதான் பொருள். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஜிடிடியின் 1993-க்கான மூலப் பதிவுகள் தொலைந்துவிட்டன. கோட்டு வரைபடத்தில் அந்த ஆண்டில் தெரியும் பள்ளத்தை அமைதி என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 2012 முதல் சேகரிக்கும் முறையும் மாறியது, ஆகவே அதற்கு முன்பின்னை ஒரே கோடாக இழுப்பதும் தவறு.

சொந்தமாகத் தொகுக்கிறீர்களா? ஒரே குண்டுவெடிப்பு வெவ்வேறு செய்திகளில் வெவ்வேறு ஊர்ப்பெயரோடு வரும். தேதி, மாவட்டம், ஆயுதம், இலக்கு நான்கையும் பொருத்திப் பார்த்த பிறகே புது வரி சேருங்கள். பயங்கரவாதமா, வெறும் குற்றமா என்று ஐயம் வந்தால் வரியை நீக்காமல் தனிப் பத்தியில் குறியிடுங்கள்.