தண்டுக்குப் போய் கடனோடு வந்த கதை

பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர், "வாங்கண்ணா, எங்க போகணும்?" என்றார். அச்சு அசல் நம்மூர்த் தமிழ். உருகிவிட்டேன். உருகியதற்கு விலை 200 ரூபாய்! ரசல் மார்க்கெட் அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். மீட்டர் ரிப்பேராம். நாளுக்கு 700 ரூபாய் என்று கணக்குப் போட்டு வந்தவனுக்குக் காலை எட்டு மணிக்கே வயிறு எரிந்தது.

ஆனால் அவர் தமிழ் பேசியதில் வியப்பில்லை. இந்தப் பகுதிக்குப் பழைய பெயர் 'தண்டு', அதாவது படை. திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பிரிட்டிஷ் படை, அங்கே காய்ச்சல் தாங்காமல் 1809-ல் இங்கே வந்தது. மதராஸ் படை என்பதால் சமையல்காரர், சலவைக்காரர், தையல்காரர், காண்டிராக்டர் என்று வடஆற்காட்டுப் பக்கமிருந்து ஒரு ஊரே பின்னால் கிளம்பி வந்துவிட்டது. 1881-ல் மைசூரை உடையாரிடம் திருப்பிக் கொடுத்த வெள்ளைக்காரன், தண்டை மட்டும் விடவில்லை. 1949 வரை பேட்டை என்கிற பழைய ஊருக்கு ஒரு நகராட்சி, தண்டுக்கு ஒரு நகராட்சி.

தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் போதும், தனியாக மியூசியம் வேண்டாம். இன்ஃபன்ட்ரி ரோடு, பிரிகேட் ரோடு எல்லாம் பட்டாளத்துப் பெயர்கள். கேவல்ரி ரோடு இப்போது காமராஜ் ரோடு. கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் திரும்பினால் நாராயணபிள்ளை தெரு, வீரபிள்ளை தெரு, தர்மராஜா கோயில் தெரு. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான்.

ரசல் மார்க்கெட் 1927-ல் கட்டியது. கூரை பாவமாக இருக்கிறது, ஆனால் வாசலில் பூ வாசனை ஆளைத் தூக்குகிறது. ஒரு பூக்கார அம்மா தமிழில் முழம் எண்ணி, கன்னடத்தில் விலை சொல்லி, எதிர்க்கடைப் பையனை உருதுவில் திட்டினார். மூன்றுக்கும் ஒரே மூச்சு! பக்கத்துச் சந்தில் இட்லியும் பாயாவும் சாப்பிட்டேன். 90 ரூபாய். குழம்பில் மிளகு தூக்கல், எலும்பைத் தட்டினால் மஜ்ஜை தானாக வழுக்கி விழுகிறது. இன்னொரு தட்டு வாங்கியது பட்ஜெட்டுக்குச் செய்த துரோகம், வருத்தமில்லை.

எதிரிலேயே புனித மரியன்னை பசிலிக்கா. உள்ளே மாதா சேலை கட்டி நிற்கிறார். செப்டம்பர் 8 தேர்த் திருவிழாவுக்குச் சாதி மதம் பார்க்காமல் கூட்டம் வருமாம். அப்போது வந்திருக்க வேண்டும்.

அல்சூரை அவசரமாகத்தான் பார்த்தேன். சோமேஸ்வரர் கோயில், ஏரி, 18 வருஷம் மூடியே கிடந்து 2009-ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர். 'தம்பி' என்று செல்லமாக அழைக்கப்படும் மதராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) வீரர்களின் தலைமையகமும் இந்தப் பக்கம்தான். வெளியிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி.

1896-ல் இளம் அதிகாரியாக இங்கே வந்த சர்ச்சில், கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துப் போனது பழைய கணக்குப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. நான் திரும்பும் டிக்கெட்டுக்கு நண்பனிடம் 150 ரூபாய் கைமாற்று வாங்கினேன். அவன் இன்னும் கேட்கவில்லை.