சிட்ஜஸ் கடற்கரைக்குக் கிளம்பி ஏர்போர்ட்டில் இறங்கும் கலை

பார்சலோனாவில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் சிட்ஜஸ் என்ற கடலோர ஊர். தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டர்தான், கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பார்கள். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஏறியவர்கள்தான் தோளில் துண்டும் கையில் நீச்சல் உடையுமாக ஏர்போர்ட்டில் போய் இறங்குகிறார்கள்.

சான்ட்ஸ் நிலையத்தில் தெற்குப் பக்கம் போகிற வண்டிகளில் ஆர்2 சுட், ஆர்2 நோர்ட் இரண்டும் உண்டு. சிட்ஜஸுக்கு சுட், அதாவது தெற்கு. நோர்ட் என்றால் வடக்கு. ஆனால் அது தெற்கே ஏர்போர்ட் வரைக்கும் ஓடும். பெயரை நம்பித் திசை பார்க்கிறவர்களுக்கு இந்த ரயில் ஒத்துவராது. தப்பாக ஏறிவிட்டால் பதற வேண்டாம். ஏர்போர்ட்டுக்கு முந்தைய நிலையமான எல் பிராட்டில் குதித்து, சுட் வண்டியைப் பிடித்தால் போதும்.

டிக்கெட்டிலும் இதே கூத்துதான். ஊர் சுற்ற வாங்கிய பத்துப் பயண 'டி-கேஷுவல்' அட்டை ஒரு கட்டண மண்டலத்துக்கு உரியது என்றால், ரயிலில் ஏர்போர்ட் வரை செல்லும், சிட்ஜஸுக்குச் செல்லாது. சிட்ஜஸ் நான்காவது மண்டலம். தனி டிக்கெட் எடுங்கள், இல்லையென்றால் பரிசோதகர் அபராத ரசீதை நீட்டுவார். சரியான வண்டியில், சரியான டிக்கெட்டோடு ஏறியாயிற்றா? இடது ஜன்னல் உங்களுடையது. கராஃப் மலை வந்ததும் கடல், குகைப்பாதை, கடல், குகைப்பாதை என்று மாறி மாறி வரும். போனைத் தூக்குகிற நொடியில் குகை வந்துவிடும். பத்துப் படம் எடுத்தால் ஏழில் உங்கள் முகமே கண்ணாடியில் தெரியும்.

அடுத்த பொறி திங்கட்கிழமை. ஊரின் பெரிய அருங்காட்சியகங்களான காவ் ஃபெராட்டும் மரிசெலும் அன்றைக்குப் பூட்டு. காவ் ஃபெராட்டைப் பார்க்காமல் திரும்புவது நஷ்டம். சந்தியாகோ ருசிஞோல் என்ற ஓவியர் 1890-களில் மீனவர் வீடுகளை வாங்கி, கடலைப் பார்த்த ஜன்னல்களோடு கட்டிக்கொண்ட வீடு அது. பழைய பூட்டு, தாழ்ப்பாள், விளக்குத் தண்டு என்று இரும்புச் சாமானாக வாங்கிக் குவித்தார். வீட்டின் பெயரிலேயே இரும்பு இருக்கிறது. பாரிஸில் பழைய ஓவிய மேதை எல் கிரேக்கோவின் இரண்டு ஓவியங்களை வாங்கி, 1894-இல் ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். உற்சவ மூர்த்தி புறப்பாடு மாதிரிதான். அது போதாதென்று, 1898-இல் எல் கிரேக்கோவுக்குக் கடற்கரையில் சிலையும் எழும்பியது. சிலையைத் தவிர இத்தனையும் திங்கட்கிழமை கதவுக்கு அந்தப் பக்கம்.

வயிற்றுக்கும் நேரம் காலம் உண்டு. பன்னிரண்டு மணிக்குப் பசித்தால் உங்கள் பாடு. மதியச் சமையல் ஒரு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். நாலு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன் கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். இடையில் பல கடைகளும் சாத்தியிருக்கும். குளிர்காலத்தில் போகிறவர்கள் 'ஷாட்டோ' கேளுங்கள்: சுருள் இலைக் கீரை, உப்பு நீக்கிய காட் மீன், சூரை, நெத்தலி, ஆலிவ் எல்லாம் சேர்ந்த சாலட். உயிர் அதன் மேல் ஊற்றும் சாஸில்தான். பாதாமும் ஹேசல்நட்டும் பூண்டும் ஞோரா மிளகாயும் எண்ணெயும் வினிகரும் அரைத்தது. அசல் செய்முறை எங்களுடையதுதான் என்று சிட்ஜஸும் பக்கத்து ஊர்களும் மல்லுக்கு நிற்கின்றன. ஞோரா சிவப்பாகத்தான் இருக்கும், காரம் கிடையாது. மிளகாய் என்றதும் ஆசையாகக் காத்திருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே ஆறுதல்.

கடலோர மேட்டில் நிற்கும் பார்த்தொலொமேயு தேவாலயத்தைப் படம் எடுக்க ரிபேரா கடற்கரையில் நில்லுங்கள், மாலையில். கோயில் கிழக்கு முனையில் இருப்பதால் காலையில் சூரியன் அதன் முதுகில் நிற்கும். உங்களுக்குக் கிடைப்பது கரிய நிழல் மட்டும்.

கூட்டம் பிடிக்காதவர்கள் தேவாலயத்தைத் தாண்டி, சான் செபாஸ்தியா கடற்கரையும் கடந்து, 'இன்னும் கொஞ்சம் போனால் அமைதியாக இருக்கும்' என்று நடப்பார்கள். கல்லறைத் தோட்டம் வரும். அதையும் தாண்டினால் பால்மின்ஸ் என்ற சிறு வளைகுடாக்கள். அமைதிதான், தண்ணீரும் தெளிவுதான். அங்கே இருப்பவர்கள் உடம்பில் வெயிலைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது, பாய் விரித்து, செருப்பைக் கழற்றி, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நிமிரும்போதுதான் உறைக்கும். யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நீங்களும் பார்க்காதீர்கள், கேமராவைப் பைக்குள் போடுங்கள். அவசரமாக எழுந்து ஓடினால்தான் ஊரே திரும்பும்.