புரோவேச்சோ

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம். அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். கேன்டீனில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் காலித் தட்டோடு என் மேசையைக் கடந்த ஒருவர் “புரோவேச்சோ” என்றார். ஏதோ கேட்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் புன்னகைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த பத்து நிமிடத்தில் ஐந்தாறு பேர் அதையே சொன்னார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது.

பக்கத்து இருக்கைக்காரர்தான் விளக்கினார். பயன், ஆதாயம் என்பது சொல்லின் நேர்ப்பொருள். ஒன்றிலிருந்து லாபம் அடைவதையும் ‘சகார் புரோவேச்சோ’ என்பார்கள். சாப்பிடுகிறவரிடம் சொன்னால், தின்றது உடம்பில் ஒட்டட்டும் என்று பொருள். முழு வாழ்த்து ‘புவென் புரோவேச்சோ’. ஸ்பெயினில் ‘கே அப்ரோவேச்சே’ என்பதுதான் அதிகம் கேட்கும். பதிலுக்கு ‘கிராசியாஸ்’ போதும். வாய் நிறையச் சோறு இருந்தால் தலையசைத்தாலும் சரி.

எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போனது. துறைத் தலைவர் எழுந்து போகும்போதும் சொல்வார், தரை துடைக்கும் அம்மாவும் சொல்வார். அவர்களுக்கும் மற்றவர்கள் அப்படியே சொல்வார்கள். நம் ஊரில் சாப்பிடுகிறவர்தான் வருகிறவரைப் பார்த்து “வாருங்கள், சாப்பிடலாம்” என்பார். வருகிறவர் சொல்ல நம்மிடம் சொல் ஏது? “சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள்” என்று கையமர்த்துவதோடு சரி. அங்கே கடந்துபோகிறவர்தான் சொல்கிறார் என்பதால், மெக்சிகோக்காரர்கள் நம்மைப்போல் சாப்பிட அழைக்க மாட்டார்கள் என்று சில மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வெளியே போய்விட்டுத் தாமதமாகத் திரும்பினேன். வாயில் காவலர் தன் அறையில் தோர்த்தா அஓகாதா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரோத்தே என்ற முரட்டு ரொட்டிக்குள் பன்றி இறைச்சியை வைத்து, தக்காளி, மிளகாய்ச் சாற்றில் முக்கி எடுப்பது. அந்த ஊரின் பெருமை. விரல்களெல்லாம் சிவப்பு. “புரோவேச்சோ” என்றேன். அவர் உடனே நிமிர்ந்து, இன்னும் கடிக்காத பாதியை என் பக்கம் நகர்த்தி “குஸ்தா?” என்றார். ‘சாப்பிடுகிறீர்களா?’ என்று மரியாதையாகக் கேட்பது அது. கூட வேலை பார்ப்பவர்கள் என்றால் ‘குஸ்தாஸ்’ என்று ஒருமையில் கேட்பார்கள். நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. “கிராசியாஸ், புரோவேச்சோ” என்று மறுபடி சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, நான் கதவைத் தாண்டும்வரை கையில் எடுத்த ரொட்டியைக் கடிக்காமலே இருந்தார்.