பழைய சமையலறைக்குள் டிஷ்வாஷரும் டிஸ்போசரும்: இதுவரை நடந்த வேலை

இரண்டு பெட்டிகளையும் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். ஒன்றில் டிஷ்வாஷர், இன்னொன்றில் சிங்குக்கு அடியில் மாட்டும் கழிவு அரைக்கும் டிஸ்போசர். புது வீட்டில் இவற்றைப் பொருத்துவது பெரிய விஷயமில்லை. பழைய சமையலறையில் இயந்திரம் கடைசியில்தான் வரும். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். கரண்ட், கழிவுக் குழாய், தண்ணீர், அப்புறம் இடம். இந்த வரிசையில்தான் போனேன்.

மேடைக்குப் பக்கத்தில் மூன்று துளை சாக்கெட் ஏற்கெனவே இருந்தது. துளை மூன்று இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் நின்றது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அவ்வளவு காட்ட வேண்டும். இங்கே எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தது. மெயினை அணைத்தேன். கரண்ட் போய்விட்டது என்று டெஸ்டர் சொன்னால் மட்டும் போதாது. டெஸ்டர் நன்றாக இருக்கிறதா என்பதை கரண்ட் உள்ள வேறு இடத்தில் முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடியைக் கழற்றினால் எர்த் முனையில் பச்சை வயர் இருந்தது. லேசாக இழுத்தேன், ஒரு சாண் நீளத்துக்குக் கையோடு வந்துவிட்டது. மறுமுனை எதிலும் இணைக்கப்படவே இல்லை. மற்ற இரண்டு வயர்களின் ரப்பர் உறை விரல் பட்டதும் பொடிந்து உதிர்ந்தது.

எர்த் இல்லாமலும் டிஷ்வாஷர் ஓடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். பெரும்பாலான இயந்திரங்களுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று உண்டு. அதிலுள்ள சின்னக் கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இயந்திரத்தின் உடம்புக்கு இணைந்திருக்கும். எர்த் துண்டிக்கப்பட்டால் அந்த உலோக உடம்பு பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். பாயும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் எதுவும் டிரிப் ஆகாது; ஈரக்கையோடு கதவைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் என்றாவது ஹீட்டரின் காப்பு உடைந்தால் அதே உடம்பில் முழு வோல்டேஜும் வந்து நிற்கும்.

இதற்குக் குறுக்குவழி சொல்ல ஆள் குறைவில்லை. சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடச் சொல்வார்கள். அப்படிச் செய்த லைனில் நியூட்ரல் எங்காவது அறுந்தால், இயந்திரத்தின் உடம்பு அப்படியே ஃபேஸாக மாறிவிடும். இன்னொன்று, தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுவது. பழைய இரும்புக் குழாயின் நடுவில் யாரோ ஒரு துண்டு பிளாஸ்டிக் போட்டிருந்தால் கரண்ட் மண்ணுக்குப் போகாமல் குளியலறைக் குழாயில் போய் உட்காரும். இரண்டையும் செய்யவே கூடாது.

புது லைன் இழுக்கும் வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். அதில் எனக்கு வீம்பு இல்லை. என் டிஷ்வாஷரின் ஹீட்டர் ஓடும்போது 2,200 வாட் வரை இழுக்கும். கிட்டத்தட்ட 10 ஆம்பியர், அதுவும் நெடுநேரம். அதனால் மெயின் போர்டிலிருந்தே தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், 16 ஆம்பியர் பிரேக்கர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை உடனே துண்டிக்கும் சுவிட்ச்). சாக்கெட்டை இயந்திரத்துக்குப் பின்னால் வைக்கவில்லை, பக்கத்து அலமாரிக்குள் வைக்கச் சொன்னேன். பின்னால் வைத்தால் பிளக்கைப் பிடுங்க முழு இயந்திரத்தையும் வெளியே இழுக்க வேண்டும்; ஆழத்திலும் சில சென்டிமீட்டர் பறிபோகும். டிஸ்போசருக்கு சுவிட்ச் போர்டு வேண்டாம் என்று காற்றழுத்த சுவிட்ச் எடுத்தேன். மேடையில் இருக்கும் பொத்தானில் கரண்டே கிடையாது. அழுத்தினால் மெல்லிய குழாய் வழியாகக் காற்று போய் கீழே உள்ள பெட்டியைத் தட்டும். ஈரக்கைக்கு இதைவிட நல்லது இல்லை.

அடுத்தது கழிவுக் குழாய். அதிக நேரம் பிடித்தது இதுதான்.

டிஸ்போசர் சிங்கின் அடியில் தொங்கும். அதன் வெளியேறும் வாய் பக்கவாட்டில், சிங்கின் அடிமட்டத்திலிருந்து ஒரு சாணுக்குள்ளான தூரம் கீழே இருக்கும். பழைய வீடுகளில் சிங்க் ஆழம் குறைவு, அதனால் சுவரில் கழிவுக் குழாயை உயரத்திலேயே விட்டிருப்பார்கள். என் கணக்கு இப்படி: மேடை 85 சென்டிமீட்டர் உயரம், சிங்க் ஆழம் 18, ஆக அடிமட்டம் தரையிலிருந்து 67. டிஸ்போசரின் வாய் அதற்கு 16 கீழே, 51-இல் வருகிறது. சுவரிலுள்ள குழாயோ 54-இல். அப்படியே இணைத்தால் தண்ணீர் போகும், ஆனால் முழுதாக வடியாது. டிஸ்போசருக்குள் எப்போதும் கழிவுநீர் தேங்கி நாறும். வாங்குவதற்கு முன் டேப்பை வைத்து இந்த மூன்று அளவுகளை எடுத்துவிடுங்கள். குதிரைத்திறனைப் பற்றி யோசிப்பதெல்லாம் அப்புறம்.

சுவரைக் கொத்திக் குழாயை 40-க்கு இறக்கினோம். வெளியே வந்த பழைய இரும்புத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளிவிட்டம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல். உள்ளே துருவும் கொழுப்பும் அடுக்கடுக்காகப் படிந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. வெறும் தண்ணீர் இத்தனை காலம் அதில் போயிருக்கிறது. அரைத்த கழிவு போயிருக்காது. இப்போது 50 மில்லிமீட்டர் பிவிசி, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு. நியூயார்க் நகரத்தில் பெரும்பகுதியில் 1997 வரை டிஸ்போசருக்குத் தடை இருந்தது. பழைய சாக்கடைகள் தாங்காது என்ற பயம்தான் காரணம். இந்தக் குழாய்த் துண்டைப் பார்த்தபின் அந்தப் பயம் புரிகிறது. வீட்டுக் கழிவு செப்டிக் டேங்குக்குப் போகிறதென்றால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள்: கசடு சீக்கிரம் சேரும், அடிக்கடி அள்ள வேண்டிவரும்.

டிஸ்போசரை மாட்டும் முன் தரையில் படுக்க வைத்துச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டிஷ்வாஷரின் கழிவு ஹோஸ் வந்து சேரும் சின்ன வாய், பிளாஸ்டிக் அடைப்போடுதான் வரும். ஸ்க்ரூடிரைவரை அதன் ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அடைப்பு உள்ளே விழும். கவிழ்த்துக் குலுக்கி எடுத்துவிட வேண்டும். அதை உடைக்காமல் ஹோஸை மாட்டினால் டிஷ்வாஷரின் தண்ணீர் போக வழியே இருக்காது. டிஷ்வாஷரே இல்லாத வீட்டில் அதைத் தொடக்கூடாது.

சிங்கின் துளை 90 மில்லிமீட்டர் இருந்ததால் தப்பித்தேன். பழைய புட்டியை (கசிவை அடைக்கும் பசைக்களிம்பை) முழுக்கச் சுரண்டி, புதுப் புட்டியைக் கயிறாகத் திரித்து விளிம்புக்கு அடியில் வைத்து அழுத்தினேன். கல் சிங்க் என்றால் புட்டியின் எண்ணெய் கறையாகும், அங்கே சிலிக்கோன்தான். கீழேயுள்ள மூன்று திருகுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் வளையம் சாயும். டிஸ்போசரின் எடையைக் கையில் தாங்காமல் பெயின்ட் டப்பாக்களை அடுக்கி அதன் மேல் நிறுத்தினேன். வளையத்தில் திருகி மாட்ட இரண்டு கையும் தேவை.

டிஷ்வாஷர் பக்கம் வேலை குறைவு. 60 சென்டிமீட்டர் இடம் என்பதைத் தரையில், நடுவில், மேடைக்கு அடியில் என்று மூன்று இடங்களில் அளந்தேன். பழைய சுவர் நேராக இருக்காது. தண்ணீர் ஹோஸின் முக்கால் அங்குல இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றவில்லை. அங்கே கசிவைத் தடுப்பது ரப்பர் வாஷர்தான், மரை இல்லை. மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறதென்றால் அழுத்தத்தைக் கணக்கிட வேண்டும்: ஒரு மீட்டர் உயரத்துக்கு சுமார் 0.1 பார். என் இயந்திரத்துக்குக் குறைந்தது 0.5 பார் வேண்டும், அதாவது தொட்டி 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும். என்னுடையது அதற்கு மேல் இருக்கிறது.

கழிவு ஹோஸை மேடையின் அடிப்பாகம் வரை தூக்கிக் கிளாம்ப் போட்டு, அங்கிருந்து கீழே இறக்கி டிஸ்போசரில் சேர்த்தேன். இந்த வளைவு இல்லாவிட்டால் சிங்க் அடைக்கும்போது அழுக்குத் தண்ணீர் நேராகக் கழுவிய பாத்திரங்களின் மேல் போய்விடும். சில ஊர்களின் விதிப்படி இதுவும் போதாது. மேடைக்கு மேல் காற்றிடைவெளிக் குழாய் தனியாக வைக்க வேண்டும்.

ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்து, இரு பக்கமும் மரப்பலகையில் திருகு போட்டேன். திருகு போடாத டிஷ்வாஷரில் கீழ்த்தட்டை நிறையப் பாத்திரத்தோடு வெளியே இழுத்தால் மொத்த இயந்திரமும் முன்னால் சாயும். குழந்தைகள் திறந்த கதவின் மேல் ஏறி நின்றாலும் அதே கதைதான்.

சோதனை: சிங்கை விளிம்பு வரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ தாளால் தொட்டுப் பார்த்தேன். பி-டிராப்பின் (நாற்றம் மேலே வராமல் தண்ணீரைத் தேக்கி வைக்கும் வளைகுழாயின்) ஒரு நட்டில் மட்டும் தாள் நனைந்தது. கால் சுற்று முறுக்கியதும் நின்றது. ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன், உடனே விழுந்தது. டிஷ்வாஷரில் மிகச் சின்ன சுற்றை ஓடவிட்டு, தண்ணீர் வெளியேறும் நேரத்தில் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

இன்னும் பாக்கி: அலமாரிப் பலகையில் ஹோஸ் நுழையும் துளையின் கூர்மையான விளிம்புக்கு ரப்பர் வளையம் போட வேண்டும், அடிப்பலகையைப் பூட்ட வேண்டும். அடிப்பலகையை வேண்டுமென்றே தள்ளிப்போட்டிருக்கிறேன். மெதுவாகக் கசியும் இணைப்பு முதல் நாளில் காட்டிக்கொடுக்காது. இன்னும் சில நாள் அடியில் செய்தித்தாளை விரித்து வைத்துப் பார்த்துவிட்டு மூடலாம். டிஸ்போசர் சிக்கிக்கொண்டால் அடியிலிருந்து திருப்பும் ஆறுமுகச் சாவியையும் (ஆலன் கீ) அலமாரிக் கதவின் உள்பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கி, சாவியால் திருப்பி, கீழேயுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். உள்ளே யாரும் கையை விடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.